பழைய காரின் மூச்சுத் திணறல்

பெரிய சதுப்புநிலம் என்னும் பொருளையே தன் பெயராகக் கொண்டது நம் தோ பாயோ. 1960களின் நடுப்பகுதியில் இங்கே அடுக்குமாடி வீடுகள் எழத் தொடங்கிய நாளில், சிங்கப்பூர்ச் சாலைகளில் பலராலும் விரும்பப்பட்ட கார்களுள் ஒன்று மோரிஸ் மைனர். உருண்டையான முதுகும் இரு கண்களைப் போன்ற முன்விளக்குகளும் கொண்ட அச்சிறு காரைப் பெற்றோர் பலர் தம் இளமையிற் கண்டிருப்பர். இன்று அதனைக் காண்பது அரிது. லோரோங் 8 தொழிற்பேட்டையின் பட்டறைகளில் என்றேனும் ஒன்று வந்து நிற்கும். வழிச்செல்வோர் நின்று பார்த்துச் செல்வர்.

அத்தகைய கார் ஒன்று நமக்கு அறிமுகமான குடும்பத்தில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. தாத்தா வாங்கி, மகனுக்கு விட்டுச் சென்றது. நம் நாட்டில் 35 ஆண்டுகளைக் கடந்த கார்களைத் தனித் திட்டத்தின் கீழ்ப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அத்திட்டத்தில் ஓராண்டில் 45 நாள் மட்டுமே ஓட்டலாம். எஞ்சிய நாளெல்லாம் கார் ஓய்வில் நிற்கும். இந்த ஓய்வே அதற்கு நோயாக முடிந்த கதையைத்தான் இங்கே கூறப் புகுகின்றோம்.

தாத்தாவின் நினைவுநாளன்று குடும்பத்தினர் அக்காரில் கோயிலுக்குச் செல்வது வழக்கம். அன்று காலை கார் பெரும்பாடுபட்டு உயிர்பெற்றது, கரும்புகை கக்கியது, குலுங்கியது, வாயிலைத் தாண்டுமுன் நின்றுவிட்டது. பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது. மகனார் பிளக்குகளை மாற்றினார். ஒரு நாள் ஓடியது. மறுநாள் மீண்டும் கரும்புகை. கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகுமறையை இப்படியும் அப்படியும் திருகினார். பட்டறை ஒன்றில், “கார்புரேட்டரையே புதிதாக மாற்ற வேண்டும்” என்றனர். கேட்ட விலை அவர் கையிருப்பைத் தாண்டியது. “போதும், பழைய இரும்பாகக் கொடுத்துவிடலாம்” என்று மனமுடைந்து சொன்னார். பதிவு நீக்கி உடைத்துவிட்டால் அக்கார் திரும்ப வரப்போவதில்லை.

அந்நிலையில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். முன்மூடியைத் திறந்தார். எதனையும் தொடவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “தம்பி, சோக் குமிழை உள்ளே தள்ளினீர்கள், சரி. அதன் மறுமுனை உள்ளே போனதா என்று பார்த்தீர்களா?”

அக்கேள்வியின் பொருள் விளங்க வேண்டுமாயின், கார்புரேட்டர் என்பது யாது, சோக் என்பது யாது என்று நாம் முதலில் அறிய வேண்டும்.

காற்றும் பெட்ரோலும்

பெட்ரோல் மட்டும் தனியே எரியாது. காற்றோடு கலந்தே எரியும். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். காற்று இலேசானதாகையால், ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றை இஞ்சின் உறிஞ்ச வேண்டியிருக்கிறது! இவ்விரண்டையும் அளவறிந்து கலந்து கொடுக்கும் கருவியே கார்புரேட்டர். பெட்ரோல் மிகுந்தால் அக்கலவையைச் ‘செறிந்த கலவை’ என்றும், காற்று மிகுந்தால் ‘மெலிந்த கலவை’ என்றும் கூறலாம்.

மாணவச் செல்வங்களே! பெட்ரோலைத் தொடாமலே இதனை நீங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு குவளை நீரில் உறிஞ்சுகுழல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் மேல்முனை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே இருக்கட்டும். மற்றொரு குழலால் அம்முனையின் குறுக்கே வேகமாக ஊதுங்கள். நீர் தானே மேலேறி வந்து துளித்துளியாகச் சிதறும். காற்று விரைந்து செல்லுமிடத்தில் அழுத்தம் குறைகிறது; குறைந்த இடத்தை நோக்கி நீர் எழுகிறது. கார்புரேட்டரின் தொண்டையிலும் நிகழ்வது இதுவே.

மோரிஸ் மைனரில் பொருத்தப்பட்டது எஸ்.யு. வகைக் கார்புரேட்டர். இங்கிலாந்தில் ஸ்கின்னர் என்னும் குடும்பத்துச் சகோதரர்கள் இதனை உருவாக்கினர். அவர்கள் காலணி வாணிகக் குடும்பத்தினர். தொடக்கத்தில் இதன் அசையும் உறுப்பைத் தோலால் ஆன துருத்தியாகவே செய்தனர். பின்னர்தான் அவ்விடத்தை உலோகப் பிஸ்டன் பிடித்தது. அப்பிஸ்டனின் அடியில், நுனி மெலிந்த ஊசி ஒன்று தொங்கும். அவ்வூசி ஜெட் எனப்படும் சிறு குழாயின் வாயில் இறங்கி நிற்கும். வேகமிதியை அழுத்தினால் காற்று மிகுதியாகப் பாயும்; பிஸ்டன் உயரும்; அதனோடு ஊசியும் உயரும். ஊசியின் மெலிந்த பகுதி ஜெட்டின் வாய்க்கு வருவதால் இடைவெளி விரியும், பெட்ரோலும் மிகும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும் என்பதே இதன் ஏற்பாடு. தமிழகத்திலிருந்து வந்துள்ள தொழிலாளத் தோழர்கள் அம்பாசடர் காரை அறிவர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்த அந்தக் காரும் தொடக்க காலத்தில் இவ்வகைக் கார்புரேட்டரையே கொண்டிருந்தது.

சோக் என்பது யாது?

குளிர்ந்த இஞ்சினில் பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை. ஒரு பகுதி துளிகளாகவே உலோகச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதன்முதல் தொடக்கும்போது மட்டும் வழக்கத்தினும் செறிந்த கலவை வேண்டும். அதற்கென அமைந்ததே சோக்.

‘சோக்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மூச்சை அடைத்தல் என்பது பொருள். பல கார்புரேட்டர்களில் அது பெயருக்கேற்பவே வேலை செய்யும். தொண்டையின் வாயை ஒரு தகடு மூடிக் காற்றைக் குறைக்கும். எஸ்.யு. கார்புரேட்டரில் அவ்வாறன்று. சோக் குமிழை இழுத்தால் கம்பி வழியே ஒரு நெம்புகோல் அசைந்து ஜெட்டைக் கீழே இறக்கும். ஊசி இருந்த இடத்திலேயே இருக்க, ஜெட் மட்டும் இறங்குவதால் இடைவெளி பெருகிப் பெட்ரோல் மிகுதியாக வரும். குமிழை உள்ளே தள்ளினால் ஜெட் பழைய இடத்திற்கு ஏற வேண்டும். ‘ஏற வேண்டும்’ என்று சொன்னோமே, அதில்தான் சிக்கல் இருக்கிறது. நம் கையிலிருப்பது குமிழ். வேலை நடப்பது ஜெட்டில். இரண்டிற்கும் இடையே ஒரு கம்பியும் நெம்புகோலும் பல பிணைப்புகளும் உள்ளன.

சோக்கை நெடுநேரம் இழுத்து வைப்பது பெருந்தீங்கு. எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவர்களில் படிந்துள்ள எண்ணெயைக் கழுவிவிடும்; அடித்தொட்டி எண்ணெயிலும் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். உராய்வு மிகுந்து இஞ்சின் தேயும். இக்கார் இங்கிலாந்தின் குளிருக்காகச் செய்யப்பட்டது என்பதை மறவாதீர்கள். நம் ஊரில் விடியற்காலையிலும் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸ் வெப்பம் உண்டு. ஆகையால் இங்கே சிறிதளவு சோக் போதும். இஞ்சின் உயிர்பெற்றவுடன் அதனைப் படிப்படியாக உள்ளே தள்ளிவிட வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி இஞ்சினைச் சூடேற்றுவதும் ஆகாது. நிறுத்திய வாகனத்தின் இஞ்சினைத் தேவையின்றி ஓடவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். மெதுவாக ஓட்டிச் செல்வதே இஞ்சினுக்கும் நலம், அண்டை வீட்டாருக்கும் நலம்.

காரணம் காணும் முறை

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில், நோய் இன்னதென்று ஆராய்ந்து, அது வந்த காரணத்தையும் ஆராய்ந்து, அதன் பின்னரே தீர்க்கும் வழியை நாடச் சொன்னார். அக்குறளின் எண் 948. இக்காரின் இஞ்சின் கொள்ளளவும் 948 கன சென்டிமீட்டர்! இது தற்செயலே எனினும், நினைவில் வைத்துக்கொள்ள ஏற்றது.

முதலில் பாதுகாப்பு. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள நெருப்பையும் பற்றிக்கொள்ளும். ஆகவே இவ்வேலையைக் காற்றோட்டமுள்ள பட்டறையில், தீயணைப்பான் அருகிருக்க, பெரியவர்களே செய்ய வேண்டும். மூடிய இடத்தில் இஞ்சினை ஓடவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆயின் உயிரைக் குடிக்கும். சிறுவர் சற்று எட்ட நின்றே காண்க.

ஒன்று: பெட்ரோல் வருகிறதா? மோரிஸ் மைனரில் மின்பம்பு உண்டு. சாவியைத் திருப்பியதும் அது ‘டிக் டிக்’ என்று சில முறை ஒலித்து நின்றுவிட வேண்டும். ஒலியே இல்லையேல் பம்பில் பழுது. ஓயாது விரைந்து ஒலித்தால் பெட்ரோல் கிடைக்காமல் வெறுங்காற்றை இழுக்கிறது என்க. இஞ்சின் ஓடாதபோதும் விட்டுவிட்டு ஒலித்தால் பெட்ரோல் எங்கோ ஒழுகுகிறது.

இரண்டு: தீப்பொறி வருகிறதா? கார்புரேட்டரின் மேற் பழி சுமத்துமுன் இதனைப் பார்க்க வேண்டும். பிளக்கின் நிறமும் பேசும். கரி படிந்து கறுத்திருந்தால் கலவை செறிந்தது, வெளுத்திருந்தால் மெலிந்தது, இளம் பழுப்பாயின் நலம்.

மூன்று: சோக்கின் மறுமுனை. ஒருவர் உள்ளே அமர்ந்து குமிழை இழுத்துத் தள்ள, மற்றொருவர் கைவிளக்கால் ஜெட்டைப் பார்க்க வேண்டும். இழுக்கும்போது இறங்கவில்லையெனில் குளிர்ந்த இஞ்சின் தொடங்காது. தள்ளும்போது ஏறவில்லையெனில், சூடேறிய பின் கரும்புகையும் குலுக்கலும் தோன்றும்.

நான்கு: மிதவை. கார்புரேட்டரின் பக்கத்திலுள்ள கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. கிண்ணம் நிறைந்ததும் அது எழுந்து ஊசிவால்வை மூடும். வால்வில் தூசு சிக்கினாலும், மிதவையில் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்தாலும் கிண்ணம் வழியும். மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே தளும்பும் ஓசையே ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும்.

ஐந்து: பிஸ்டன். இஞ்சின் நின்றிருக்கையில் அதனை மேலே தூக்கி விட்டால், ‘டக்’கென்ற ஓசையுடன் கீழே விழ வேண்டும். தயங்கினால் அழுக்குப் படிந்திருக்கும், அல்லது ஜெட் நடுவில் அமையாமல் ஊசி உரசும். அழுக்கை மென்துணியால் துடைக்கலாம். உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாகாது.

ஆறு: பிஸ்டனின் மேற்குழலில் இலேசான எண்ணெய் சிறிது இருக்க வேண்டும். பிஸ்டன் திடீரென்று துள்ளி எழாமல் அதுவே தடுக்கிறது. எண்ணெய் வற்றிவிட்டால், வேகமிதியை அழுத்தியவுடன் கார் ஒரு கணம் மூச்சுவிடத் தயங்கிப் பின்னரே பாயும்.

ஏழு: காற்று தவறான வழியில் நுழைகிறதா? கார்புரேட்டர் இஞ்சினோடு சேருமிடத்தில் திருகுகள் தளர்ந்தாலும், இடையிலுள்ள காகித அட்டை கிழிந்தாலும் அவ்வழியே காற்றுப் புகுந்து கலவையை மெலிவிக்கும்.

இவையெல்லாம் சரியெனக் கண்ட பிறகே கலவைத் திருகுமறையைத் தொடலாம். இஞ்சின் நன்கு சூடேறியிருக்க வேண்டும். பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்லத் தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை செறிந்தது. இஞ்சின் தளர்ந்து நிற்கப் பார்த்தால் மெலிந்தது. ஒரு கணம் சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரியானது. அறுகோண மறையை ஒரு நேரத்தில் ஒரு முகம் அளவே திருக வேண்டும். மேலேற்றினால் மெலியும், கீழிறக்கினால் செறியும்.

இன்னொன்றும் நம் வெப்பத்தில் நேரும். நெடுந்தூரம் ஓடிய காரை நிறுத்திச் சில நிமிடங்களில் மீண்டும் தொடக்கினால் அது அடம்பிடிக்கும். இஞ்சின் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து ஆவி நிறைந்திருப்பதே காரணம். அப்போது சோக்கை இழுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்கு ஒப்பாகும். வேகமிதியை மெல்ல அழுத்திப் பிடித்தவாறு தொடக்கினால் காற்று புகுந்து சரியாகிவிடும்.

கைவிளக்கு காட்டிய உண்மை

இனி நம் காரிடம் திரும்புவோம். மெக்கானிக் அந்த வீட்டின் நான்காம் வகுப்புச் சிறுமியை அழைத்தார். இஞ்சின் நின்று ஆறியிருந்தது. அவள் கையில் விளக்கைக் கொடுத்து, எதனையும் தொடாமல் ஜெட்டை மட்டும் பார்த்துச் சொல்லும்படி கூறினார். தந்தையார் உள்ளே அமர்ந்து குமிழை இழுத்தார்.

“இறங்குகிறது, தாத்தா” என்றாள் சிறுமி.

தந்தையார் குமிழை முழுவதும் தள்ளினார். “ஏறுகிறதா, அம்மா?” என்று கேட்டார் பெரியவர்.

“பாதியில் நின்றுவிட்டது. அப்பா, இன்னும் தள்ளுங்கள்!”

“முழுவதும் தள்ளிவிட்டேனே!” என்றார் தந்தையார்.

அவ்வளவுதான், காரணம் வெளிப்பட்டது. அவ்வகைக் கார்புரேட்டரில் ஜெட்டைச் சுற்றித் தக்கை வளையங்கள் இருக்கும். பெட்ரோலில் நனைந்திருக்கும் வரை அவை வழுவழுப்பாக இருக்கும். கார் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றதால் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற கசடு மட்டும் எஞ்சியது. வளையங்கள் உலர்ந்து ஜெட்டைக் கவ்விக்கொண்டன. ஆக, குமிழ் உள்ளே இருந்தும் சோக் பாதி இழுத்தபடியே கார் ஓடியிருக்கிறது. புதுப் பிளக்குகள் கறுத்ததும், திருகுமறையைத் திருகியும் பயன் விளையாததும் இதனாலேயே.

பெரியவர் ஜெட்டைக் கழற்றித் துடைத்தார். தக்கை வளையங்களை மாற்றினார். ஜெட்டை நடுவில் அமைத்தார். கம்பிக்குச் சில துளி எண்ணெய் விட்டார். தந்தையார் திருகிக் குழப்பியிருந்த மறையை முற்றும் மேலேற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று கீழிறக்கி, பிறகு பிஸ்டனைத் தூக்கிப் பார்த்துச் சிறிது சிறிதாகத் திருத்தினார். மாலைக்குள் கார் புகையின்றி அமைதியாக ஓடியது. புதுக் கார்புரேட்டர் தேவைப்படவில்லை. பழைய இரும்புப் பேச்சு அந்த வீட்டில் அதன்பின் எழவில்லை.

புல்வெட்டும் இயந்திரத்திற்கும் இதுவே

“இக்காலக் கார்களில் கார்புரேட்டரே இல்லையே, இதனை அறிந்து யாது பயன்?” என்று சிலர் வினவலாம். உண்மைதான், 1990களில் புதுக் கார்களிற் பெரும்பாலானவை கணினி அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் முறைக்கு மாறிவிட்டன. ஆயினும், நம் பேட்டைகளில் காலை வேளையில் தொழிலாளத் தோழர்கள் தோளில் தாங்கிப் புல்வெட்டும் பெட்ரோல் இயந்திரத்தைப் பாருங்கள். அதிலும் ஒரு சிறு கார்புரேட்டர் உண்டு. சோக் நெம்புகோலும் உண்டு. அங்கே சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு. தொடங்கியவுடன் அதனைத் திறக்க மறந்தால் பிளக் நனைந்து இயந்திரம் நின்றுவிடும். கயிற்றை இழுத்து இழுத்துக் கைதான் ஓயும்.

மற்றொன்றையும் கருதுக. புல்தூசு படிந்து காற்றுவடிகட்டி அடைபட்டால், நெம்புகோல் திறந்திருந்தும் சோக்கை மூடியதற்கு ஒப்பாகும். ஆகவே புகை மிகுந்து வலிமை குறைந்தால் முதலில் வடிகட்டியைத் துப்புரவு செய்தல் வேண்டும். பல வாரம் பயன்படுத்தப்போவதில்லை எனில், தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, எஞ்சியது தீர்ந்து தானே நிற்கும்வரை ஓடவிட்டு வைப்பது நலம். காருக்கோ, அனுமதித்த 45 நாள்களை ஒரே மாதத்தில் செலவிடாமல் ஆண்டு முழுவதும் பரப்பி ஓட்டுவதே தக்க மருந்து. ஓடும் நீரில் பாசி படியாது. ஓடும் காரில் பிசின் படியாது.

அன்பார்ந்த மாணவர்களே! தந்தையாரிடம் அறிவும் இருந்தது, முயற்சியும் இருந்தது. ஆயின் அவர் குமிழை மட்டுமே நம்பினார். சிறுமி செய்ததெல்லாம் மறுமுனையைப் பார்த்து, கண்டதைக் கண்டவாறு சொன்னதே. கணக்கின் விடையைச் சரிபார்க்கும்போதும், மின்விசையை அணைத்துவிட்டோமா என்று நோக்கும்போதும், பட்டறையிலும் தொழிற்சாலையிலும் இயந்திரம் நின்றுவிட்டதென எண்ணிக் கைவைக்கும்போதும் இப்பழக்கம் நமக்கு வேண்டும். நாம் செய்ததை நினைத்து அமையாது, நடந்ததைக் கண்ணாற் கண்டு தெளிவோமாக!

அடுத்த நினைவுநாளில் அந்த மோரிஸ் மைனர் கோயில் வாயிலில் நின்றது. சாவியைத் திருப்புமுன் சிறுமி கேட்டாளாம்: “அப்பா, மறுமுனையைப் பார்த்தீர்களா?”